நரி இருந்த இடம்

கண்ணாடி மாற்றினால் போதும் என்றார் அருமைநாயகம்.
பேச்சிப்பாறை ரோட்டில் பழைய தோட்டத்துரை பங்களாவை
விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.
ஜீப்பின் பின்சீட்டில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தார் படத்தை,
காய்ச்சல்காரப் பிள்ளையைக்
குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு இறக்குவதுபோல.

மேசையில் கிடத்தி ஆணி பிடுங்கினேன்.
பன்னிரண்டு குதிரைகள்.
ஒன்றுக்கும் தரையில் கால் இல்லை.
முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே,
கொடியில் காயும் ரப்பர் ஷீட்டாய் இழுபட்டு
சமதரையிலேயே மிதக்கின்றன.
வரைந்தவன் குதிரை பார்க்காதவன் இல்லை.
அடிவயிற்றில் ஓடும் நரம்புவரை போட்டிருக்கிறான்.
வேகம்தான் அவன் கண்ணுக்கு அகப்படவில்லை.

சந்தேகம் தீர ஞாயிற்றுக்கிழமை சங்குத்துறைக்குப் போனேன்.
பீர்கண்ணுவின் குதிரை, பெயர் பவுன்,
ஐம்பது ரூபாய்க்கு ஒரு ரவுண்டு.
இன்னும் ஐம்பது கொடுத்து விரட்டச் சொன்னேன்.
ஈர மணலை விட்டு நாலு காலும் எழும்பிய ஒரு நொடியில்
அவை விரிந்திருக்கவில்லை,
வயிற்றுக்கடியில் கூடிக்கிடந்தன,
மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகள் மாதிரி.
"குனிஞ்சு என்னத்த பாக்கிய, லாடமா?" என்றான் பீர்கண்ணு.

படத்தில் ஆட்களுக்கெல்லாம் சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான்.
சப்பரத்துக்கு முன்னால் வாசித்துப்போகும்
எங்கள் கோயில் பேண்டுசெட் அச்சு அசல்.
ஒருத்தன் வாயில் ஊதுகொம்புகூட உண்டு.
கீழே பொடி எழுத்து இங்கிலீஷில்
பிரபுவின் பெயர்,
குதிரையின் பெயர்,
முதலில் ஓடும் நாயின் பெயர்.
ஓரத்தில் மாற்றுக்குதிரையின் கடிவாளம் பிடித்துச்
சேற்றில் நிற்கிற பையனுக்குப் பெயர் இல்லை.
அந்தப் படத்தில்
தரையில் கால் உள்ளவன் அவன் ஒருத்தன்.

நாய்களின் மூக்கெல்லாம் வலது மூலைக்கு.
வலது மூலையில் தீப்பெட்டி அளவு
ஓட்டை.

ராமபாணப் பூச்சி.
புல்லைத் தொடவில்லை, வானத்தைத் தொடவில்லை,
நரியை மட்டும், மூக்குமுதல் வால்நுனிவரை,
எண்பது வருசமோ நூறோ, அவசரமில்லாமல்.
அம்பின் பேர் சுமந்த பூச்சி
வேட்டைக்காரர்களை முந்திக்கொண்டது என்றும் சொல்லலாம்.
கதவு திறந்துவிட்டது என்றும்.

போனில் சொன்னேன்.
"நீ போர்டு எழுதுகிறவதானே றெஜிலா,
ஒரு நரியப் போட்டு விடு. தனியா இருநூறு தாறேன்.
நரி இல்லாம குதிரை எதுக்கு ஓடுது?"

எனக்குத் தெரிந்தது அந்தச் செம்பட்டை நரி இல்லை.
களியல் பக்கம் ரப்பர் முறித்து மறுநடவு செய்த சரிவில்
ஊடுபயிர்க் கைதச்சக்கை தின்ன வருகிற,
சாம்பல் நிறத்து, காது கிழிந்த ஒன்று.
டார்ச் அடித்தால் இரண்டு கண்ணும் பச்சையாய் நிற்கும்.
பிறகு ஒரு கண்.
பிறகு பழுத்த சக்கை மணம் மட்டும்.

மூன்று ராத்திரி தூரிகையை எடுத்தேன், வைத்தேன்.
போட்டுவிட்டால்
அத்தனை குதிரைக்கும் நாய்க்கும் அதே நாலு விரற்கடை முன்னால்
மறுபடி ஓடத் தொடங்க வேண்டும் அது,
யாரோ தோசைக்குக் காத்திருக்கும் அறையில்,
இன்னொரு நூறு வருசம்.

பின்னால் தாள் ஒட்டி ஓட்டையை அடைத்தேன்.
புல் போட்டேன்.
எங்கள் ஊர்ப் பச்சை கொஞ்சம் கூடிப்போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம்
புதுக் கண்ணாடியில் மூக்கு முட்டத் தேடினார் அருமைநாயகம்,
முதலில் ஓடும் நாயைப் போலவே.
"நரி எங்க?"

வெளியே வெயில் அப்படியே காய,
தகரத்தில் சடசடவென்று மழை விழுந்தது.
வாசலைக் காட்டினேன்.
"அதுக்கு இன்னைக்குக் கல்யாணம் சார்."

அவர் சிரிக்கவில்லை. இருநூறைக் கழித்துக்கொண்டார்.
போர்வை சுற்றி ஜீப்பில் ஏற்றியபோது
ஒரு மூலை மட்டும் விலகியிருந்தது.
கடிவாளத்தோடு நின்ற பையன்மேல்
வெயிலும் சாரலும்
சேர்ந்தே விழுந்தன.